ஆறரை பஸ்ஸும் அதிகாரப் பகிர்வும்

அன்றைய நிகழ்ச்சிக்காக நான் மூன்று நாட்கள் படித்திருந்தேன். அரசியலமைப்பை மாற்றுவது பற்றிய பேச்சு அப்போது சூடாக இருந்தது. மாகாணத்துக்கு எது, மத்திக்கு எது, காணி யாரிடம், பொலிஸ் யாரிடம் என்று நான்கு தாள் நிறையக் கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். எதிரே நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர். ஒன்பதரைக்கு வரச் சொல்லியும் பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு கதிரையில் அமர்ந்திருந்தார். சனிக்கிழமை காலை பத்து மணி நேரலை. வானொலியில் குரலாகவும் இணையத்தில் படமாகவும் போகும். அரை மணித்தியாலம் பேசிய பிறகு நேயர்களுக்காகத் தொலைபேசியைத் திறந்தோம். முதல் அழைப்பு வந்தது.

"வணக்கம் பிள்ளை. கரவெட்டிப் பக்கமிருந்து கதைக்கிறன். ஐயாவை ஒருக்காக் கேளுங்கோ, எங்கடை ஊருக்கு வாற காலமை ஆறரை பஸ் எப்ப திரும்ப ஓடும் எண்டு."

உறுப்பினரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதுவரை என் காணிக் கேள்விக்கு 'அது ஆழமாக ஆராயப்பட வேண்டிய விடயம்' என்று மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"அம்மா, உங்கடை பிரச்சினை என்ரை பிரச்சினை. திங்கட்கிழமையே நான் உரியவையளோடை கதைக்கிறன். பஸ் வரும். நான் சொல்லுறன், வரும்."

பிறகு போக்குவரத்துத் துறையில் தமிழர்கள் புறக்கணிக்கப்படுவது பற்றிப் பத்து நிமிடம் பேசினார். என் நான்கு தாள்களில் இரண்டு தாள் அப்படியே மிஞ்சின.

அந்த அம்மா அழைப்பது அது முதல் தடவை அல்ல. ஒரு வருடத்துக்கு மேலாக, அநேகமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அழைப்பார். விருந்தினர் ஆளும் கட்சியா எதிர்க்கட்சியா, தலைப்பு வரவு செலவுத் திட்டமா மாகாண சபைத் தேர்தலா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆறரை பஸ். ஒரு தடவை வெளிநாட்டுக் கொள்கை பற்றிப் பேச ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை அழைத்திருந்தேன். அவரிடமும் அதே கேள்விதான். பாவம், அந்த மனிதர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. போர்க்காலத்தில் யாழ்ப்பாண நகரத்துப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தச் சேர்ந்தேன். அச்சடிக்கத் தாள் கிடைக்காமல், கோடு போட்ட கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை வந்த நாட்கள் அவை. அரசியல் பக்கம் செய்துகொண்டிருந்தவர் ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டார். ஆசிரியர் சுற்றுமுற்றும் பார்த்தார். நான்தான் கதிரையில் இருந்தேன். "இண்டையிலையிருந்து நீர் பாரும்" என்றார். அவ்வளவுதான் என் நியமனம்.

அப்போது ஒரு கேள்வி கேட்பதற்கு முன் பத்துத் தடவை யோசிப்போம். யாரிடம் கேட்கிறோம், அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், கேட்டுவிட்டு எந்த வழியால் வீட்டுக்குப் போவது என்று கணக்குப் பார்ப்போம். அந்தக் கணக்குத் தப்பித்தான் எங்கள் பத்திரிகைக் கந்தோரில் இரண்டு கதிரைகள் வெறுமையாகின. பிறகு போர் முடிந்தது. நான் வானொலிக்கு வந்தேன். இப்போது எந்தக் கேள்வியையும் கேட்கலாம். ஒருவரும் என்னைத் தேடி வருவதில்லை. பதில் சொல்வதும் இல்லை. சிரிக்கிறார்கள். "நல்ல கேள்வி தங்கச்சி" என்கிறார்கள். பிறகு தாங்கள் வீட்டிலிருந்து மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு எதில் எரிச்சல் அதிகம் என்று யாராவது கேட்டால், அந்த 'நல்ல கேள்வி' என்பதைத்தான் சொல்வேன்.

அந்த எரிச்சலை நான் எறிவதற்குக் கிடைத்த ஆள் கரவெட்டி அம்மாதான். எங்கள் ஒலிப்பதிவாளர் குருநகரைச் சேர்ந்தவர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் கடலுக்குப் போகாத ஒரே ஆள். நேரலை தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் சிலுவை போட்டுக்கொள்வார். அவரிடம் சொன்னேன்.

"தம்பி, இனி அந்த நம்பர் வந்தால் எடுக்காதேங்கோ."

"எடுக்காமல் விடலாம் அக்கா. ஆனால் வேறை லைன் வந்தால்தானே. போன கிழமை வந்தது மூண்டு கோல். ஒண்டு அவ. ஒண்டு பாட்டுக் கேட்டவர். மற்றது பிழை நம்பர்."

அடுத்த சனிக்கிழமை அவர் அந்த எண்ணை எடுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் இன்னொரு எண்ணிலிருந்து அதே குரல் வந்தது. "வணக்கம் பிள்ளை. என்ரை போன் உங்களுக்குப் பிடிக்குதில்லைப் போலை. இது பக்கத்து வீட்டுப் போன்." ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பால் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அன்று வந்திருந்த மாகாண சபைக்காரரும் பஸ் வரும் என்று வாக்குக் கொடுத்தார்.

அதற்கடுத்த கிழமை அந்த அம்மா பேசத் தொடங்கியபோது எனக்கு உண்மையாகவே அலுத்துவிட்டது. என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஏதோ சுருக்கமாகச் சொல்லி இணைப்பை மாற்றிவிட்டேன்.

அதன்பிறகு அவர் அழைக்கவில்லை.

முதல் கிழமை நிம்மதியாக இருந்தது. அரசியலமைப்பின் ஓர் உறுப்புரையைப் பற்றி ஒரு மணித்தியாலம் முழுதாகப் பேசினோம். ஒரு அழைப்பும் வரவில்லை. இரண்டாம் கிழமையும் அப்படித்தான். மூன்றாம் கிழமை, தொலைபேசியைத் திறந்துவிட்டு நானும் விருந்தினரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலாம் கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் ஒலிப்பதிவாளரிடம் அந்த எண்ணை வாங்கி நானே எடுத்தேன்.

"அக்கா, நான் சனிக்கிழமை நிகழ்ச்சியிலை கதைக்கிற ஆள்."

"குரல் தெரியாதே பிள்ளை எனக்கு? சொல்லுங்கோ."

"ஒரு மாதமாய் உங்களைக் காணேல்லை. சுகமில்லையோ எண்டு கேட்க எடுத்தனான்."

"சுகத்துக்கு என்ன. கடைசியாய் நான் கதைக்கேக்கை நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டனீங்கள். றேடியோவிலை வடிவாய்க் கேட்டது. சரி, பிள்ளைக்கும் கரைச்சல் குடுக்கிறன் எண்டு விட்டிட்டன்."

 மைக்குக்கு முன்னால் எத்தனையோ வருடம் இருந்தவள் நான். மூச்சு விடுவதற்கு முன் மைக்கை மூட வேண்டும் என்பது முதல் நாளே படிக்கிற பாடம்.

"அக்கா, அந்த பஸ் உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.



"இவ்வளவு நாளுக்கும் இண்டைக்குத்தான் கேட்டிருக்கிறியள்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். "இவருக்குச் சீனி வருத்தம். காலிலை புண். செவ்வாய்க்குச் செவ்வாய் யாழ்ப்பாணத்திலை கிளினிக். ஏழரைக்கு முன்னம் போனால்தான் முன்னுக்கு நம்பர் எடுக்கலாம். அந்த பஸ் எங்கடை ஒழுங்கை வாசலிலை நிக்கும். இப்ப பிரதான வீதிக்கு இரண்டு கட்டை தூரம் போக வேணும்."

ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு பெண் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார். கேள்வி கேட்பதே தொழிலாக இருக்கும் நான், ஏன் என்று ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த நாளின் மிச்சத்தை நான் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்து கழித்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிய நல்லூரில் என் வீட்டிலிருந்து கரவெட்டிக்கு ஸ்கூட்டரில் வெளிக்கிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது வேலிப் படலைக்கு வெளியே அவர்கள் ஆயத்தமாக நின்றார்கள். நான் மனதில் வைத்திருந்தது பருத்த, சத்தமான ஒரு பெண்ணை. எதிரே நின்றவர் மெலிந்து, உயரமாக, தலைமயிரை இறுக்கி வாரிக் கட்டியிருந்தார். கணவர் பெரிய ஆள். வலது பாதம் முழுக்கத் துணிக் கட்டு. அதற்கு மேல் ஈரம் படாமல் ஒரு பொலித்தீன் பை. அவரைச் சைக்கிளின் பின்கரியரில் இருத்தி, அந்தப் பெண் சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். நான் ஸ்கூட்டரை வீட்டு வளவுக்குள் விட்டுவிட்டுக் கூட நடந்தேன். என் ஸ்கூட்டரில் ஏற்றிப் போகலாம் என்று கேட்டதற்குக் கணவர் மறுத்துவிட்டார்.

"நீங்கள்தானோ உந்தக் கேள்வி கேக்கிற ஆள்?" என்றார்.

"ஓம் அண்ணை."

"கேட்டு என்ன கண்டனியள்?"

"ஒண்டும் காணேல்லை."

அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. சிரித்ததில் சைக்கிள் ஆட, மனைவி "ஆடாமல் இருங்கோ" என்று அதட்டினார். "உவள் விசரி" என்று அவர் தொடர்ந்தார். "றேடியோவுக்குள்ளை பஸ் இருக்குதெண்டு நினைச்சுக்கொண்டு போன் எடுக்கிறாள்." நான் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்ததும், "என்ரை காலைப் படம் எடுக்காதேங்கோ, சொல்லிப்போட்டன்" என்றார். எடுக்கவில்லை.

வழியில் வெங்காயத் தோட்டங்களுக்கு இடையே ஒரு மதகு. புதுச் சீமெந்து, இரண்டு பக்கமும் கைபிடிச் சுவர். அதைக் கடக்கும்போதுதான் அந்த அம்மா சொன்னார், இந்த மதகு உடைந்தபோதுதான் பஸ் நின்றது என்று. மதகைத் திருத்தி எவ்வளவு காலம் என்று கேட்டேன். "அது உடைஞ்சு இரண்டு மாதத்திலையே திருத்திப்போட்டாங்கள்" என்றார். அப்படியானால் பஸ் ஏன் வரவில்லை? "அதைத்தானே பிள்ளை உங்களிட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

பிரதான வீதிக்கு வர ஐம்பது நிமிடம் எடுத்தது. வந்த முதல் பஸ் நிற்காமல் போனது. இரண்டாவதில் அவரை ஏற்ற மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கிளினிக்கில் நம்பர் எடுத்தபோது அவர்களுக்கு முன்னால் ஐம்பத்தாறு பேர்.

அவர்களை அங்கே விட்டுவிட்டு நான் பஸ் டிப்போவுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையான மனிதர். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார், பெரிய புத்தகம் ஒன்றை எடுத்து விரல் வைத்துத் தேடினார்.

"இந்த வழி நிப்பாட்டின மாதிரி எங்கடை பதிவிலை இல்லையே. மதகு வேலை நடக்கிறபடியால் தற்காலிகமாய்ச் சுத்திப் போகச் சொல்லியிருக்கு."

"மதகு வேலை முடிஞ்சு கன காலம்."

"அப்பிடியோ?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "முடிஞ்சுது எண்டு எங்களுக்கு ஆரும் அறிவிக்கேல்லையே."

"எம்.பி.மார் ஆரும் உங்களோடை இதைப்பற்றிக் கதைக்கேல்லையோ?"

"இல்லை."

"மாகாண சபை, பிரதேச சபை ஆக்கள்?"

"ஒருத்தரும் இல்லை. ஒரு கடிதமும் இல்லை. கடிதம் வந்தால் ஆளை அனுப்பி வழியைப் பாத்துப்போட்டு விடலாம். நீங்கள் ஒண்டு எழுதித் தாறியளோ?"

நான் செய்தியாளர், விண்ணப்பம் எழுதுபவள் அல்ல என்றேன். வெளியே வந்து ஸ்கூட்டர் இல்லாததை நினைத்து, டிப்போ வாசலில் வெயிலில் நின்றேன். ஒரு கடிதம். என் நிகழ்ச்சியில் என் காதால் கேட்க எத்தனை பேர் சத்தியம் பண்ணினார்கள்! அவர்கள் எவரும் தங்கள் செயலாளரிடம் இரண்டு வரி எழுதச் சொல்லவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்கும் ஆள் இல்லை.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் கணித ஆசிரியர். எதையும் இரண்டு படியில் முடிக்கப் பார்க்கிற மனிதர்.

"அப்ப நீர் அந்தக் கடிதத்தை எழுதிக் குடுத்திருக்கலாமே."

"அது என்ரை வேலை இல்லையப்பா. நான் கேள்வி கேக்கிற ஆள். நானே விண்ணப்பம் எழுதினால் பேந்து நான் ஆர்?"

"பஸ் வாறதோ, உம்மடை வேலை சுத்தமாய் இருக்கிறதோ, எது பெரிசு?"

 இரண்டும் பெரிசுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று அதைச் சொன்னால் அவர் என்னை இன்னொரு கேள்வியால் மடக்கியிருப்பார். அந்த அம்மாவுக்குப் போன் எடுத்து, டிப்போவில் சொன்னதை அப்படியே சொன்னேன். அது செய்தி, செய்தியைச் சொல்லலாம்.

"ஒரு கடிதம்தானே?" என்றார் அவர். "இவ்வளவு பேரிட்டைக் கேட்டன். ஒருத்தரும் அதைச் சொல்லேல்லையே."

அடுத்த நாட்களில் நானும் ஒலிப்பதிவாளரும் பழைய பதிவுகளை எல்லாம் கேட்டோம். அவர் எதையும் அழிக்காத மனிதர். ஒன்பது பேர் அந்த பஸ் வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லாக் கட்சிகளும் இருந்தன. இந்த ஒரு விடயத்தில் அவ்வளவு ஒற்றுமை. முதலில் சொன்ன உறுப்பினர் மட்டும் இரண்டு தடவை. ஒவ்வொருவரும் சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்து வரிசையாக ஒட்டினோம். அதற்கடுத்த கிழமைச் சனிக்கிழமைக்கு அதே உறுப்பினரை அழைத்திருந்தேன். நேரலைக்கு முன் ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, "அக்கா, இண்டைக்கு ரெண்டு தரம் சிலுவை போட்டனான்" என்றார்.

பதிவைப் போட்டேன். 'பஸ் வரும்', 'கட்டாயம் வரும்', 'நான் பொறுப்பு', 'அடுத்த கிழமையே', 'உங்கடை பிரச்சினை என்ரை பிரச்சினை' என்று குரல் மாறி மாறி வந்தது. உறுப்பினர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். தன் குரல் வந்தபோதும் புன்னகை மாறவில்லை.

"நல்லா வெட்டி ஒட்டியிருக்கிறியள் தங்கச்சி."

"ஐயா, டிப்போவுக்குக் கடிதம் எழுதினீங்களோ?"

"இது கட்டமைப்பு ரீதியான பிரச்சினை. எழுபது வருசமாய் எங்கடை இனம்..."

"கடிதம் எழுதினீங்களோ ஐயா?"

"நான் சொல்ல வாறது என்னெண்டால், அதிகாரம் எங்கடை கையிலை இருந்திருந்தால்..."

"கடிதம் எழுத அதிகாரம் தேவையில்லைத்தானே? எழுதினீங்களோ, இல்லையோ?"

ஆறு தடவை கேட்டேன். ஆறாவது தடவை அவர் புன்னகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"ஒரு இனத்தின்ரை தலைவிதியைக் கதைக்கிற இடம் தங்கச்சி இது. இதுக்குள்ளை ஒரு பஸ்ஸைக் கொண்டு வந்து விடுறியளே, வெக்கமாய் இல்லையோ?"

  ஒரு வருடமாக நான் அந்த அம்மாவைப் பற்றி மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்த வசனம் அது, கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல். ஆனால் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. "அந்த பஸ்ஸிலை போறதும் அந்த இனம்தான் ஐயா" என்றேன். அவர் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். மிச்சம் பதினெட்டு நிமிடம் நான் தனியே பேசினேன்.

அன்றுதான் எங்கள் தொலைபேசி ஓயாமல் அடித்தது. இவ்வளவு நேயர்கள் எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை. நீ ஆரின்ரை ஆள், எந்தக் கட்சி உன்னை ஏவினது என்று கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர், பஸ்ஸுக்காகவா இவ்வளவு இழப்பு என்று அழுதார். பஸ் வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வானொலி முகாமையாளர் கூப்பிட்டார். "நீங்கள் கேட்டது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் நாங்கள் எல்லாரோடையும் சுமுகமாய் இருக்க வேணும். ஐயாவிட்டை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் முடிஞ்சுது."

"எதுக்கு மன்னிப்பு? ஆறு தரம் கேட்டதுக்கோ?"

"கேட்ட விதத்துக்கு."

நான் கேட்க மாட்டேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை 'தொழில்நுட்பக் காரணங்களால்' எங்கள் நிகழ்ச்சிக்குப் பதிலாகத் திரைப்படப் பாடல்கள் போயின. ஐந்து கிழமை போயின. எங்கே நிகழ்ச்சி என்று கேட்டு வந்தது இரண்டே இரண்டு அழைப்புகள் என்று ஒலிப்பதிவாளர் சொன்னார். பாடல்கள் நல்ல தெரிவு என்று பாராட்டி அதைவிடக் கூட வந்தனவாம்.

அந்த ஐந்து கிழமையும் நான் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அலுமாரியைத் துப்புரவாக்கினேன், கணவரின் விடைத்தாள் கட்டுகளை அடுக்கினேன், தொழிலை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

கரவெட்டியில் இதற்கிடையில் நடந்ததை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். நான் டிப்போச் செய்தியைச் சொன்ன அதே நாள் பின்னேரம் அந்த அம்மா கொப்பித் தாள் ஒன்றை எடுத்து, 'மதகு திருத்தியாகிவிட்டது, பஸ்ஸை விடவும்' என்ற கருத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார். கிராம அலுவலரான விதானையிடம் போய் மதகு சரி என்று ஒரு உறுதிக் கடிதமும் வாங்கியிருக்கிறார். அடுத்த செவ்வாய், கணவரைக் கிளினிக்கில் ஒரு மர வாங்கில் இருத்திவிட்டு, டிப்போவுக்கு நடந்து போய் அதே அதிகாரியின் கையில் கொடுத்திருக்கிறார். நான் ஸ்டூடியோவில் ஆறு தடவை கேட்டுக்கொண்டிருந்தபோது டிப்போ ஆள் அந்த வழியைப் பார்த்துவிட்டும் போய்விட்டாராம்.

பஸ் வரப் போகிறது என்ற செய்தி எப்படி உறுப்பினரின் காதுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு அந்த மாதிரிச் செய்திகள் மட்டும் எப்படியோ போய்விடும். பஸ் ஓடத் தொடங்கிய செவ்வாய் காலை, அந்த அம்மா முந்தின நாளே போன் எடுத்துச் சொல்லி நான் போனபோது, ஒழுங்கை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உறுப்பினர் மாலையோடு நின்றார். மூன்று படப்பிடிப்பாளர்கள் வந்திருந்தார்கள். பஸ் வந்ததும் அதன் முகத்துக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சாரதியோடு கைகுலுக்கினார். என்னைக் கண்டதும் பழைய புன்னகை திரும்பி வந்தது.

"பாத்தீங்களே தங்கச்சி? சொன்னதைச் செய்தனான்."

நான் வாய் திறப்பதற்குள் பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அவர்கள் தேங்காய் உடைக்கும் நேரத்தில் அந்த அம்மா கணவரை ஏற்றி இருத்தி, தானும் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ. பஸ் போகட்டும். கிளினிக்குக்கு நேரமாகுது."

உறுப்பினர் கும்பிட்டபடி விலகினார். அதையும் படம் எடுத்தார்கள். அடுத்த நாள் பத்திரிகையில் முதற்பக்கத்தில் அந்தப் படம், 'நீண்ட கால முயற்சிக்குக் கிடைத்த வெற்றி' என்ற தலைப்போடு. நான் அந்தப் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் எடுத்து, கடிதம் எழுதியது யார் என்பதைச் சொன்னேன். இரண்டு நாளுக்குப் பிறகு ஆறாம் பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் நாலு வரி போட்டார்கள். 'பொதுமக்களும் இதற்கு ஒத்துழைத்தனர்' என்று அதில் இருந்தது. அந்த ஒற்றை 'உம்'மைப் பார்த்து நான் ஒரு பகல் முழுக்க எரிந்துகொண்டிருந்தேன்.

பிறகு உள்ளூராட்சித் தேர்தல் பேச்சு வந்தது. வேட்பாளர்களுக்குப் பேச ஓர் இடம் வேண்டும் அல்லவா? தொழில்நுட்பக் காரணங்கள் தாமாகவே தீர்ந்தன. நிகழ்ச்சியைத் திரும்பத் தொடங்கச் சொல்லி முகாமையாளருக்குப் போன் எடுத்தவர்களில் முதல் ஆள் அதே உறுப்பினர்தான். "ஐயாவே பெருந்தன்மையாய்க் கேட்கிறார்" என்றார் முகாமையாளர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனேன்.

முதல் நிகழ்ச்சிக்கு விருந்தினராக அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார்.

"அங்கை வந்து நான் என்னத்தைக் கதைக்கிறது பிள்ளை? பஸ்தான் வந்திட்டுதே."

"அதைத்தான் சொல்லுங்கோவன் அக்கா. என்னண்டு வந்தது எண்டு."

"அதைச் சொன்னால் ஆர் கேக்கப் போகினம்? நானே இப்ப உங்கடை நிகழ்ச்சி கேக்கிறேல்லை. குறை நினைக்காதேங்கோ, சனிக்கிழமையிலை வெங்காயம் கட்டுற வேலை. இவருக்குக் கால் புண் காயுது. நேற்று முழுக்க என்னோடை சண்டை பிடிச்சவர், அந்தளவுக்குச் சுகம்."

குறை நினைக்கவில்லை என்று சொன்னேன். நினைத்தேன். என் ஒரே நிரந்தர நேயர் அவர்.

இப்போது விருந்தினர் எவராவது எதையாவது செய்வதாகச் சொன்னால், யாருக்கு எழுதுவீர்கள், எப்போது எழுதுவீர்கள், பிரதி தருவீர்களா என்று கேட்கிறேன். இரண்டு பேர் அதற்காகவே வர மறுத்துவிட்டார்கள். போன மாதம் சாவகச்சேரிப் பக்கத்து வேட்பாளர் ஒருவர் மட்டும், கேட்பதற்கு முன்னரே பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பிரதேச சபைக்கு, சந்தை வாய்க்கால் அடைப்பைப் பற்றியது. முகவரி சரி, விடயம் தெளிவு. கடைசியில் திகதியைப் பார்த்தேன். அன்றைய திகதி.

"இண்டைக்குச் சனிக்கிழமை. கந்தோர் பூட்டு" என்றேன்.

"திங்கட்கிழமை குடுப்பன் அக்கா."

திங்கட்கிழமை மத்தியானம் அந்தக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். வரவில்லை என்றார்கள். செவ்வாயும் வரவில்லை. வேட்பாளருக்கு எடுத்தேன், கூட்டத்தில் நிற்கிறேன் என்றார். புதன்கிழமை பத்தரைக்குக் கடிதம் வந்து சேர்ந்ததாக அங்கிருந்த எழுதுநர் சொன்னார். முத்திரை குத்தினீர்களா என்று கேட்டேன்.

"குத்தினது" என்றார் அவர், கொஞ்சம் எரிச்சலோடு. "நீங்கள் இதோடை நாலாம் தரம் எடுக்கிறியள் மிஸ்."

மூன்றாம் தரம்தான் என்று திருத்திவிட்டு, வாய்க்காலைப் பார்க்க எப்போது ஆள் வரும் என்று கேட்டேன்.